முதலில் வாய் திறப்பவர் இளையவர்

கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், மேலதிகாரி கண்ணைக் காட்டினால் தீர்ப்பு மாறிவிடாதா?

கண்ணைக் காட்டுவதற்குள் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்! இந்தியத் தரைப்படை விதிப்படி, முதலில் கருத்துச் சொல்ல வேண்டியவர் அந்த அமர்வில் ரேங்கில் ஆகக் கீழே இருப்பவர். தலைமை வகிப்பவரின் முறை கடைசியில்தான்.

மரண தண்டனை என்றால் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது சம்மதிக்க வேண்டும்.

செங்கோட்டை விசாரணையில் தோற்றது யார்?

தண்டித்தவர்கள்! 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் பிரிட்டிஷ் அரசு கோர்ட் மார்ஷல் முன் நிறுத்தியது. அவர்களுக்காகப் புலாபாய் தேசாய் வாதாடினார். பல ஆண்டுகளாகத் தொடாத வக்கீல் அங்கியை நேரு மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார். கோர்ட் ஆயுள் முழுக்க நாடு கடத்தச் சொன்னது. நாடு கொந்தளித்தது. 1946 ஜனவரி முதல் வாரத்திலேயே தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்தார்.

சுட்டுக் கொன்றபின் மன்னிப்பு எதற்கு?

தலைகுனிந்து வாழ்ந்த குடும்பங்களுக்காக. முதல் உலகப் போரில் களத்தைவிட்டு ஓடினார்கள், கோழைகள் என்று சொல்லி பிரிட்டன் தன் சிப்பாய்களையே கோர்ட் மார்ஷல் நடத்திச் சுட்டது. குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கியவர்களும் அவர்களில் உண்டு. 2006-ல்தான் 306 பேருக்கு மன்னிப்பு வந்தது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் அவர்களுக்கான நினைவிடத்தில் கண் கட்டி, கை பிணைத்த ஓர் இளைஞனின் சிலை நிற்கிறது. சுற்றிலும் மரக்கம்பங்கள், அவற்றில் பெயர்கள். சிலைக்கு முன்மாதிரியான ஹெர்பர்ட் பர்டனுக்குச் சுடப்பட்டபோது வயது 17.