ஊக்கத்துக்குக் குறைவில்லை

இந்த நாட்டில் தக்காளிக்குத் தட்டுப்பாடு வரும். பருப்புக்கு வரும். சிலிண்டருக்கும் வரும். ஊக்கத்துக்கு மட்டும் வந்ததே இல்லை. டெல்லியிலிருந்து தெருமுனை வரை இலவசமாகக் கிடைக்கிறது. வரிசையில் நிற்க வேண்டாம், கைரேகை வைக்க வேண்டாம். அளந்து சாப்பிடு, தினமும் நட, மனதை உறுதியாக வைத்துக்கொள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

2025 பிப்ரவரியில் வானொலியில் பிரதமர் பேசினார். உடல் பருமன் பெருகிவிட்டது, சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். எந்த டாக்டரும் மறுக்காத யோசனை. மறுநாள் பத்துப் பிரபலங்களின் பெயரை வெளியிட்டு, நீங்கள் ஆளுக்குப் பத்துப் பேரைச் சேருங்கள் என்று சவாலும் விட்டார். மூன்று மாதம் போனது. மே கடைசியில் கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியது அதே அரசு. சொன்னபடியே பத்து குறைந்தது. எண்ணெயில் குறைக்க வேண்டியது நாம், வரியில் குறைப்பது அவர்கள். 2021இலேயே எண்ணெய்ப்பனை சாகுபடிக்கு 11,040 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் தொடங்கியாயிற்று. வாணலியில் ஒரு கரண்டியைக் குறைக்கும் தேசக் கடமை மட்டும் வீட்டு அடுப்படிக்கு.

விலைவாசிக்காகச் செய்தோம் என்பார்கள். ஏழைக்கு எண்ணெய் வேண்டும்தான், ஒப்புக்கொள்வோம். சாக்லேட்டுக்கு என்ன சொல்வார்கள்?

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, தொழிற்சாலையில் அளவுக்கு மீறிப் பதப்படுத்திய தின்பண்டங்களைப் பற்றிக் கண்ணீர் விட்டது. இவற்றுக்கு ஆரோக்கிய வரி போடலாம் என்று யோசனையும் சொன்னது. செப்டம்பர் 22இல் வரி வந்தது. சாக்லேட், பிஸ்கட், ஐஸ்கிரீம் மூன்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மிக்சர் வகையறாவும் நூடுல்ஸும் 12இலிருந்து 5. குளிர்பானத்துக்கு 40 சதவீதம் போட்டுவிட்டோம் என்று தோளைத் தட்டிக்கொண்டார்கள். செஸ்ஸோடு கூட்டினால் முன்பும் அதே 40தான். ஜிம் கட்டணத்துக்கும் 18 போய் 5 வந்தது. தின்பதற்கும் 5, தின்றதைக் கரைப்பதற்கும் 5. இதைவிடச் சமநீதி கேட்பவன் தேசத்துரோகி.

இடையில் ஒரு சமோசா நாடகமும் நடந்தது. அரசு அலுவலகங்களில் எண்ணெய்ப் பலகை, சர்க்கரைப் பலகை வையுங்கள் என்று சுகாதார அமைச்சகம் 2025 ஜூனில் கடிதம் எழுதியது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்று எழுதி மாட்ட வேண்டுமாம். ஜூலையில் பத்திரிகைகள் சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை என்று எழுதின. அரசு பதறிப்போனது. உடனே விளக்கம் வந்தது: எந்தக் கடைக்காரரும் எச்சரிக்கை ஒட்ட வேண்டியதில்லை, தெருவோர உணவுப் பண்பாட்டை நாங்கள் குறிவைக்கவில்லை, இது வெறும் பொது அறிவுரை. பலகைக்குக்கூடப் பயந்த அரசு இது. சமோசாவிடமே இந்தப் பம்மல் என்றால் பன்னாட்டுக் கம்பெனியிடம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யோசிக்கக்கூட வேண்டாம், ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். முன்பக்கம் கோதுமைக் கதிர். பால் அருவியாகக் கொட்டுகிறது. ஒரு பையன் கால்பந்தோடு ஆகாயத்தில் பறக்கிறான். பின்பக்கம் திருப்புங்கள். ஒட்டிய மடிப்புக்குள் பாதி மறைந்து, எறும்பு அளவு எழுத்தில் உண்மை உட்கார்ந்திருக்கிறது: மைதா, சர்க்கரை, பாமாயில், பிறகு அறிமுகமில்லாத எண்கள். பலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. ஒரு நாளைக்கு மொத்தம் 25 கிராமுக்குள் சர்க்கரை போதும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 75 கிராம் பாக்கெட் ஒன்று முடிந்தால் அன்றைய கணக்கும் முடிந்தது. இதைப் படிக்க லென்ஸ் வேண்டும், கணக்குப் போடப் பென்சில் வேண்டும். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பிள்ளை அழுகிறது. இந்த நேரத்தில் நமக்கு மன உறுதி வர வேண்டும்.

சிலி நாட்டில் 2016இலேயே வழி கண்டார்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு கூடினால் பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தைக்கும் புரியும். நம்மிடம்? 2018இல் சிவப்பு அடையாளம் போடலாம் என்று வரைவு வந்தது. தொழில்துறை முகம் சுளித்தது. வரைவு கிடப்பில் போனது. 2022 செப்டம்பரில் புதிய வரைவு வந்தது. இந்த முறை எச்சரிக்கை இல்லை, நட்சத்திரம்! அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. எதைத் தின்னக் கூடாது என்று கேட்ட மக்களுக்கு, எல்லாவற்றுக்கும் விருது கொடுத்துக் காட்டிய நாடு நம்முடையது. கடைசியில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதில் முடிவெடுக்க மூன்று மாதம் கெடு வைத்தது. கெடு முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்கினார்கள். சர்க்கரை நோயாளிக்கு இப்படி வாய்தா கிடைக்குமா?

பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு கூடிய பண்டங்களை விற்கக் கூடாது. 2020இல் போட்ட விதி. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன, திருவிழாத் தோரணம் தோற்றுப்போகும். ஒரு வாழைப்பழம் ஐந்து ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. ஐந்து ரூபாயோடு நிற்கும் பிள்ளை எதை வாங்கும்? அதற்கும் ஒரு ஊக்க உரை வைத்திருப்பார்கள்.

டெல்லியை மட்டும் திட்டினால் பாவம் சேரும். சென்னைக்கு வருவோம்.

2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. ஆலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம்வரை நீட்ட வழி செய்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ஊரே கொதித்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அதே அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் திறந்தது. ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேரம், நவம்பரில் எட்டு கிலோமீட்டர். ஆளைக் கொன்றுவிட்டு ஆக்சிஜன் நீட்டும் மனசு யாருக்கு வரும்?

திருப்பூர் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

“அக்கா, சர்க்கரை எறங்கவே இல்ல. நடக்கறீங்களா இல்லீங்களா?”

“எங்கீங்க நடக்கறது? ஒன்றரை ஷிப்ட்டு. காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை.”

“காய்கறி நிறைய சேத்துக்கோணும். டென்ஷன் ஆகக்கூடாது.”

“சரிங்.”

அந்த ‘சரிங்’கில் இருக்கும் சலிப்பை எந்தத் திட்டக்குழுவும் பதிவு செய்ததில்லை. பனியன் கம்பெனியில் சாயந்திர இடைவேளையில் அவருக்குக் கிடைப்பது டீயும் பன்னும். எட்டரைக்கு இறங்கினால் சாலையோரம் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் பைக் நிற்கிறது. அதைத் தாண்டினால் வட்டச் செயலாளரின் பிறந்தநாள் பேனர். நடக்க நடைபாதை வேண்டும், அது மக்களின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நடப்பதற்கே தீர்ப்பு வாங்கிய மக்கள் நாம். இவரைத்தான் ‘வாழ்க்கைமுறை நோயாளி’ என்று அட்டையில் எழுதுகிறார்கள். இந்த வாழ்க்கைமுறையை அவரா தேர்ந்தெடுத்தார்?

ரேஷன் அரிசியை நக்கலடிப்பவன் பசி தெரியாதவன். அந்த 20 கிலோ இலவச அரிசி இந்த மாநிலத்தின் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கடுத்து பையில் விழுவது என்ன? மலிவுச் சர்க்கரை, 25 ரூபாய் பாமாயில், வந்தால் ஒரு கிலோ பருப்பு. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. ஜி20 விருந்தில் அதிபர்களின் தட்டில் சிறுதானியம் ஏறியது. தமிழ்நாட்டு ரேஷனில் கேழ்வரகு ஏறியது நீலகிரியிலும் தருமபுரியிலும் மட்டும், அட்டைக்கு இரண்டு கிலோ, சோதனை முறையில். அதிபர்களுக்குச் சோதனை எதுவும் வைக்கவில்லை.

டாஸ்மாக்கைச் சொல்லாமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளும். 2024–25இல் அரசுக்கு 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் தந்த இடம். அங்கே யாரும் ஊக்க உரை ஆற்றுவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கிறது, மக்கள் தாமாகவே வருகிறார்கள். தின்பதைக் குறை, குடிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் கொள்கை.

ஊக்கத்தைக் காசுக்கு விற்பவர்கள் தனி ரகம். அதிகாலை நாலரைக்கு எழு, இருபத்தொரு நாளில் புது மனிதனாகு, மாவு டப்பா ஐயாயிரம் ரூபாய். இவர்களையாவது மன்னிக்கலாம். கல்லாவை மறைப்பதில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஏறக்குறைய இருபத்து மூன்றேமுக்கால் கோடிப் பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி தளர்ந்துவிட்டது என்று நம்பச் சொல்கிறார்கள். நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று, ஆமாம் ஐயா, என்னால்தான் கட்டுப்படுத்த முடியவில்லை என்று தலைகுனிகிறோம். உபதேசத்துக்குச் செலவு கிடையாது. பாக்கெட்டில் முத்திரை குத்தினால் கம்பெனி முறைக்கும். நடைபாதையை மீட்டால் ஓட்டு போகும். வேலை நேரத்தைக் குறைத்தால் முதலாளி வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார். மிச்சம் இருக்கும் மலிவான சரக்கு நம் குற்றவுணர்ச்சிதான்.

நடக்க முடிந்தவர்கள் நடங்கள், குறைக்க முடிந்தவர்கள் குறையுங்கள். உடம்பு நம்முடையது. ஆனால் அடுத்த முறை யாராவது மேடை ஏறி எண்ணெயைக் குறையுங்கள் என்று சொன்னால் கைதட்டாதீர்கள். பாக்கெட்டின் முகத்தில் எச்சரிக்கை என்றைக்கு வரும் என்று கேளுங்கள். தேதி சொல்லும்வரை மேடையை விட்டு இறங்க விடாதீர்கள்.