28 வருஷம் ஓடிய ஒரே கோல்

ஒரு கால்பந்து வீரர் எத்தனை கோல் போட்டால் நாடு அவரை மறக்காமல் இருக்கும்? நூறு? இருநூறு? எகிப்தின் மக்தி அப்தல்கனி இந்தக் கணக்கை ரொம்ப சிக்கனமாக முடித்துவிட்டார். ஒன்று போதும். அதுவும் பெனால்ட்டி. மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும்!

மனிதர் சாதாரண ஆட்டக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மிட்ஃபீல்டர். 1980களில் ஆப்பிரிக்கக் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்த கெய்ரோவின் அல் அஹ்லி அணியில் ஆடியவர். எகிப்திய வீரர்கள் வெளிநாட்டு லீக்குக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில் போர்ச்சுகலின் பெய்ரா மார் கிளப்புக்குப் போனார். அந்தக் குட்டி கிளப் 1991ல் போர்ச்சுகல் கோப்பையின் ஃபைனல் வரை போய் போர்ட்டோவிடம் தோற்றது. இத்தனை பெரிய பயோடேட்டா. எகிப்தில் எவருக்காவது இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்றால், சந்தேகம்தான். காரணம், அண்ணனே அந்தப் பக்கத்தையெல்லாம் அதிகம் புரட்டுவதில்லை.

அவர் புரட்டும் பக்கம் ஒன்றே ஒன்று. 1990 ஜூன் 12, இத்தாலியின் பலெர்மோ நகரம், உலகக் கோப்பை. எதிரே நெதர்லாந்து. குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், கூமன் என்று பெயர்களைப் படித்தாலே எதிரணிக்கு முழங்கால் வலிக்கும். இரண்டு வருஷம் முன்னால் ஐரோப்பிய சாம்பியன் ஆன கூட்டம். எகிப்தோ உலகக் கோப்பைப் பக்கம் தலைகாட்டியே 56 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் பார்த்தால், பயந்து பயந்து ஆடியது சாம்பியன்தான்!

இடைவேளைக்குப் பிறகு உள்ளே வந்த விம் கீஃப்ட் 58வது நிமிஷத்தில் நெதர்லாந்துக்கு ஒரு கோல் போட்டார். சரி, கதை முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்த நேரம். 83வது நிமிஷத்தில் ஹொஸாம் ஹசன் என்ற 23 வயதுப் பையன் பந்தோடு பாய, கூமன் ஃபவுல் செய்ய, ரெஃப்ரி பெனால்ட்டி கொடுத்தார். ஓடியவர் ஹசன். விழுந்தவர் ஹசன். சரித்திரத்தில் இடம்பிடித்தவர் மட்டும் வேறு ஆள்.

ஆனாலும் அந்தப் பெனால்ட்டியை மட்டமாக நினைக்கக் கூடாது. கோலில் நின்றவர் ஹான்ஸ் வான் ப்ரொய்க்கலன். 1988 யூரோ ஃபைனலில் சோவியத் வீரர் பெலனோவ் அடித்த பெனால்ட்டியைத் தடுத்தவர். அதே வருஷம் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் பென்ஃபிகாவின் கடைசிப் பெனால்ட்டியைத் தடுத்து, தன் பிஎஸ்வி கிளப்புக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பெனால்ட்டியைத் தடுப்பதையே தொழிலாக வைத்திருந்த மனுஷர். அவரைத் தாண்டி அப்தல்கனி பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1. டிரா. ஒரு பாயின்ட். கெய்ரோவே கொண்டாடியது. கொண்டாடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், ஒருவரைத் தவிர.

அதற்கப்புறம் அந்த உலகக் கோப்பையில் எகிப்து என்ன செய்தது? அயர்லாந்தோடு 0-0. எகிப்து வீரர்கள் பந்தை கோல்கீப்பர் ஷொபைருக்குத் திருப்பித் திருப்பி அனுப்ப, அவர் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நேரம் ஓட்டினார். அயர்லாந்து பயிற்சியாளர் ஜாக் சார்ல்டனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. 1992ல் ‘சொந்த வீரர் காலால் தட்டிவிடும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது’ என்று விதியே மாறியதற்கு இந்த மேட்ச்சும் ஒரு காரணம் என்பார்கள். கடைசியில் இங்கிலாந்திடம் 0-1. பெட்டி கட்டியாகிவிட்டது. மூன்று ஆட்டம், ஒரே ஒரு கோல். ஆக, அப்தல்கனிதான் அந்த உலகக் கோப்பையில் எகிப்தின் டாப் ஸ்கோரர். யாரும் மறுக்க முடியாது!

ஓய்வு பெற்றார். டிவியில் கால்பந்து விமர்சகராக உட்கார்ந்தார். அவ்வளவுதான், பலெர்மோவுக்கு நிரந்தர ஒளிபரப்பு உரிமை கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம் வாங்கிய மாமா ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் மார்க் ஷீட்டை விரிப்பார் இல்லையா, அதே வேகம். எகிப்தியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்த கோலை வைத்து ஜோக், பிறகு மீம், பிறகு மீமுக்கு மீம் என்று தேசிய விளையாட்டே ஆக்கிவிட்டார்கள். அவரோ கோபித்துக்கொள்ளவில்லை. கிண்டலும் ஒரு விதத்தில் இலவச விளம்பரம்தானே!

‘இந்த வருஷமாவது வேறு யாராவது ஒரு கோல் போட்டு இவர் வாயை அடைக்க மாட்டார்களா’ என்று நாடு காத்திருந்தது. அதற்கு முதலில் உலகக் கோப்பைக்குப் போக வேண்டுமே! 1993ல் கெய்ரோவில் ஜிம்பாப்வேயை 2-1 என்று ஜெயித்தார்கள். ஆனால் ரசிகர்கள் மைதானத்துக்குள் கல்லெறிந்ததால், மேட்ச்சை பிரான்சின் லியோன் நகரில் திரும்ப ஆடச் சொல்லிவிட்டது ஃபிஃபா. அங்கே 0-0. வாய்ப்புக் காலி. கல்லெறிந்த புண்ணியவான்கள் அப்தல்கனியின் ரெக்கார்டுக்குக் காவல் நின்றார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

பிறகு வந்தது பொற்காலம். 2006, 2008, 2010 என்று வரிசையாக மூன்று ஆப்பிரிக்கக் கோப்பை. அபூத்ரிகா, அகமது ஹசன் என்று ரத்தினங்கள். கண்டத்தையே ஆண்டார்கள். உலகக் கோப்பை என்றதும் கால் பின்னிக்கொண்டது. 2009ல் சூடானில் நடந்த பிளே-ஆஃபில் அல்ஜீரியாவிடம் 0-1. 2013ல் கானா 6-1 என்று உரித்து அனுப்பியது. அந்த ஒற்றை கோலும் பெனால்ட்டி. ஆனால் தகுதிச் சுற்றுப் பெனால்ட்டியெல்லாம் பலெர்மோ கணக்கில் சேருமா, என்ன?

இங்கே ஒரு ரகசியம். எகிப்துக்காக உலகக் கோப்பையில் கோல் போட்ட முதல் ஆள் அப்தல்கனி இல்லவே இல்லை. 1934ல் நேப்பிள்ஸில் ஹங்கேரிக்கு எதிராக அப்துல் ரஹ்மான் ஃபவ்ஸி என்பவர் இரண்டு கோல் போட்டார். உலகக் கோப்பையில் கோல் போட்ட முதல் ஆப்பிரிக்கரே அவர்தான். ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் பெனால்ட்டி இல்லை. பாவம், அவர் காலத்தில் விளையாட்டு சேனல் கிடையாது.

ஒருவழியாக 2018, ரஷ்யா. ஜூன் 19, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். முகமது ஸலா ரஷ்யாவுக்கு எதிராக கோல் போட்டார். 28 வருஷச் சாபம் நீங்கியது என்று எகிப்தே பெருமூச்சு விட்டது. சரி, ஸலா போட்டது எந்த மாதிரி கோல் தெரியுமா? பெனால்ட்டி! அதுவும் முதலில் ஃப்ரீ கிக் என்று ரெஃப்ரி காட்ட, வீடியோ பார்த்துத் திருத்திக் கொடுத்த பெனால்ட்டி.

அடுத்த ஆட்டத்தில் சவுதி அரேபியாவுக்கு எதிராக ஸலா இன்னொன்றும் போட்டார். ஃபவ்ஸியின் இரண்டு கோல் கணக்கையும் சமன் செய்தார். ஆச்சு, அப்தல்கனியின் கடையை மூடிவிடலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு நிமிஷம்.

ஸ்கோர்களைப் பாருங்கள். 1934, ஹங்கேரியிடம் 2-4, தோல்வி. 2018, ரஷ்யாவிடம் 1-3, தோல்வி. சவுதியிடம் 1-2, தோல்வி. ஃபவ்ஸி இரண்டு, ஸலா இரண்டு, ஆக நாலு கோல். அந்த நாலும் சேர்ந்து எகிப்துக்கு வாங்கித் தந்த பாயின்ட் பூஜ்யம். 2018 வரை எகிப்து ஆடிய மூன்று உலகக் கோப்பைகளிலும் தோல்வியிலிருந்து காப்பாற்றிய கோல் ஒன்றே ஒன்றுதான். ஐரோப்பிய சாம்பியனிடம் ஒரு பாயின்ட் பிடுங்கிய அந்தப் பலெர்மோ பெனால்ட்டி.

அன்றைக்குக் கீழே விழுந்த ஹொஸாம் ஹசன் தேசிய அணிக்காக 60க்கும் மேல் கோல் போட்டார். 2025ல் பயிற்சியாளராக எகிப்தை மறுபடி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தார். ஆனால் 1990க்கான காப்பிரைட் இன்னும் பெனால்ட்டி அடித்தவரிடம்தான் இருக்கிறது.

ஆகவே, சொந்தப் பெருமை பேசுகிறவரைத் தாராளமாகக் கிண்டல் அடியுங்கள், தப்பே இல்லை. அடிப்பதற்கு முன்னால் பாயின்ட்ஸ் டேபிளை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மக்தி அப்தல்கனி 28 வருஷம் அலட்டிக்கொண்டது உண்மை. அலட்டிக்கொள்ள ஒரு காரணம் இருந்ததும் உண்மை.