மாரியும் மாறியும்: ஓர் ஒட்டுசுட்டான் பாடபேத ஆராய்ச்சி

இவ்வாராய்ச்சியின் மூலச்சுவடி அக்காவின் மகனுடைய சீ.ஆர். கொப்பி. அதன் நடுப்பக்கமொன்றில், ‘வகுப்புகளுக்கிடையில் மாரியைப் பகிர்வது எப்படி?’ என்று நீலப் பேனையால் எழுதிய வினா ஒன்று கிடந்தது. நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். வினாவைக் கண்டால் உரை எழுதாமல் விட ஏலாது. மாரி என்பது மழை. வகுப்பு என்பது பத்து ஏ, பத்து பீ. ஆகவே, கூரை ஒழுகும் பள்ளிக்கூடமொன்றில் எந்த வகுப்புக்கு எத்தனை வாளி என்று பங்கிடும் முறையே இங்கு நுவலப்படுவது எனத் துணிந்து, இரண்டு பக்கம் எழுதியும் முடித்துவிட்டேன்.

“மாமா, அது மழை இல்லை. அவசரத்திலை சின்ன ‘ர’ போட்டிட்டன். கேம் ஒண்டு செய்யிறன்,” என்றான் மருமகன்.

மாறி என்பது, நிரல் ஓடும்போது மாறக்கூடிய ஒரு பெறுமானத்தைப் போட்டுவைக்கும் பெட்டி. வகுப்பு என்பது ஒரு பொருள் எப்படி இருக்கும், என்ன செய்யும் என்பதற்கான அச்சு. அவனுடைய விளையாட்டில் மூன்று வகுப்புகள்: யானை, கமக்காரன், திரையின் மேல்மூலையில் கணக்குக் காட்டும் பலகை. மூன்றுக்கும் தெரியவேண்டிய மாறி ஒன்று: மிச்சமிருக்கும் யானைவெடிகளின் எண்ணிக்கை. வெடி தீர்ந்தது தெரிந்தால்தான் யானை துணிந்து வரப்பைத் தாண்டும். (மெய்யான யானைக்கும் இது தெரியும் என்பது எங்கள் ஊர்த் துணிபு. எவ்வழியால் தெரிகிறது என்பது தனி ஆராய்ச்சி.)

அவன் முதலில் அந்த மாறியைப் ‘பப்ளிக் ஸ்டாட்டிக்’ என்று எழுதினான். அதாவது, கலியாண வீடுகளுக்கு ஊரார் இரவல் வாங்கும் பெரிய கிடாரம்போல, ஆரும் எடுக்கலாம், ஆரும் வைக்கலாம். விளைவு இரண்டு. ஒரு வெடி போட்டால் கணக்கில் இரண்டு குறைந்தது. கமக்காரன் ஒன்றைக் கழிக்க, காட்டமட்டும் வேண்டிய பலகையும் தன் பங்குக்கு ஒன்றைக் கழித்திருந்தது. அடுத்தது இன்னும் விசித்திரம்: தோற்று மறுபடி தொடங்கியவன் கையில் ஒரு வெடியும் இல்லை. ஸ்டாட்டிக் மாறி, காட்சியைப் புதிதாக ஏற்றினாலும் மாறாது; நாமாக மாற்றினால் ஒழிய, செத்த கமக்காரனின் பூச்சியத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மாறாததற்கு மாறி என்று பெயர் வந்தது இடுகுறியோ காரணப்பெயரோ என்று கேட்டேன். மருமகன் மறுமொழி சொல்லவில்லை.

முன்னோர் இதை அறியாதவரல்லர். ஒஸ்லோவில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்தன் நைகார்ட்டும் 1967இல் சிமியூலா 67 மொழியில் வகுப்பு என்பதைக் கொண்டுவந்தார்கள். 1972இல் டேவிட் பார்னாஸ், நிரலின் ஒவ்வொரு கூறும் தன் உள்வீட்டுச் சங்கதியை மற்றக் கூறுகளுக்கு மறைக்கவேண்டும் என்றார். அடுத்த ஆண்டே வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும், ஊர்ப்பொது மாறி கேடு தரும் என்று தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரை எழுதினார்கள். கிடாரத்துக்கு அடி நசுங்கிய கதை எங்கும் ஒன்றுதான்.

இவ்விடத்து ஊர்ப்பெயரும் நோக்கத்தக்கது. குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் இலிங்கம் வெளிப்பட்டதால் ஒட்டுசுட்டான் என்றும், சுவாமிக்குத் தான்தோன்றீஸ்வரர் என்றும் பெயர் வந்ததாக ஐதிகம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், அறிவிக்க மறந்து ஒரு மாறிக்குப் பெறுமானம் கொடுத்தால், கண்டிப்பு முறை போடாதவிடத்து, அது தானே ஊர்ப்பொதுவாகத் தோன்றிவிடும். இறைவன் தான்தோன்றினால் கோயில் கட்டலாம். மாறி தான்தோன்றினால் விடிய விடிய முழித்திருந்து தேடவேண்டும்.

இனிச் சித்தாந்தம். கொப்பியிலிருந்த பிழைப்பாடமே நேர்ப்பாடம் என்பது என் துணிபு. எங்கள் ஊரில் மாரியைப் பகிரும் முறை முத்தையன்கட்டுக் குளத்தில் இருக்கிறது. பேராற்றை மறித்துக் கட்டிய குளம். எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதென்று அளவுகோலை ஆரும் பார்க்கலாம். சைக்கிளில் போகிறவனும் பார்த்துச் சொல்வான். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, அந்த அடிக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரரும் அதிகாரிகளும் பேசுவார்கள். சத்தம் போடவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. துருசைத் திறக்கும் கை மட்டும் ஒன்று.

இதைச் சொன்னதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சீ ஷார்ப் மொழியில் இது ஒரே வரி: ‘கெட்’ எல்லாருக்கும், ‘செட்’ பிரைவேட். எண்ணிக்கை கமக்காரனுக்குள்ளே இருக்க, யானையும் பலகையும் பார்க்கலாம், தொடமுடியாது. ஆட்டம் தொடங்கும்போது இருவருக்கும் ‘உன்ரை கமக்காரன் இவர்’ என்று காட்டிவிட்டால் போதும்.

அற்றேல், யானை வயலைக் கேட்டு, வயல் சொந்தக்காரனைக் கேட்டு, சொந்தக்காரன் பையைக் கேட்டு அறியலாமே எனின், ஆகாது. 1987இல் பொஸ்டனில் பிறந்த டிமீட்டர் விதி, அறிமுகமான அயலவனோடு மட்டும் பேசு என்கிறது. டிமீட்டர் கிரேக்கரின் வேளாண்மைத் தெய்வம். ஆயினும் அவ்விதி இங்கே செல்லாது. மருந்தடிக்கிற மெஷின் இரவல் வேண்டுமென்றால் அயலவனின் மச்சானின் தம்பியிடம் கேட்காமல் காரியம் நடக்காது.

எஞ்சியது ஓர் ஐயம். எண்ணிக்கை மாறியதா என்று பலகை நொடிக்கு அறுபது தரம் எட்டிப் பார்க்கவேண்டுமா? இதை ஆராய்ந்துகொண்டிருந்த இரவில் முத்தையன்கட்டுப் பக்கம் மெய்யான வெடி ஒன்று கேட்டது. உடனே ஒழுங்கை நாய்கள் எல்லாம் குலைத்தன.

“பாத்தியளே மாமா? வெடி போட்டவருக்கு இந்த நாயளைத் தெரியாது. அவர் போட்டார், காது குடுத்ததுகள் குலைக்குதுகள். இதுதான் ஈவென்ட்!”

கொப்பியைத் திருப்பி, நான்காவது வகுப்பாக ‘நாய்’ என்று எழுதினான். எழுத்துப்பிழைக்கு அதில் இடமில்லை.