விதிவிலக்கு ஊர்

மத்திய அரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் இந்தியா முழுமைக்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக. முதல் விதியே இதைச் சொல்கிறது. ரயில்வேயில் யாரும் முதல் பக்கத்தைப் புரட்டுவதில்லை போலும். 2019 மே மாதம் திருமங்கலம் பக்கம் இரண்டு ரயில்கள் ஒரே தடத்தில் எதிரெதிரே வந்தன. மருந்தாகத் தெற்கு ரயில்வே ஜூனில் ஒரு சுற்றறிக்கை விட்டது: நிலைய அதிகாரிகள் கட்டுப்பாட்டு அறையோடு இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும். ரயிலை மோதவிடாமல் காப்பது மொழி என்று கண்டுபிடித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும், ஜூன் 14 அன்று ரயில்வே பின்வாங்கியது.

தன் மொழியைக் காப்பதில் கனடாவின் கியூபெக் நமக்குப் பங்காளி. 1977-இல் பிரெஞ்சுக்கென்றே சட்டம் போட்டது. அங்கே சாலைப் பலகை பெரும்பாலும் 'அரே' என்று நிறுத்தச் சொல்லும், பிரான்ஸிலோ 'ஸ்டாப்'தான்!

இங்கே, ரயில்வே பணிமனை ஊரான பொன்மலையின் சந்தையில் எந்தச் சுற்றறிக்கையும் செல்லாது. பணிமனை வேலைக்கு வந்த பீகார் பையன் "அக்கா, கொசுறு" என்கிறான். தக்காளி விற்கும் அக்கா இந்தியில் "சாலீஸ் ரூபாய்" என்கிறார். தக்காளி மட்டும் இன்னும் கை மாறவில்லை.