தலையாட்டலியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

1. முன்னாய்வுகள்

பேசாமல் பேசுவதைப் பற்றி அறிஞர்கள் நிறையவே பேசிவிட்டார்கள். உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872-இல் டார்வின் எழுதிய நூலில் தலையாட்டலுக்கும் இடமுண்டு. 1966-இல் எட்வர்ட் ஹால் மனிதருக்கிடையே உள்ள தூரத்தை நான்காகப் பகுத்து, 45 சென்டிமீட்டருக்குள் அந்தரங்க எல்லை என்றார். காலை எட்டரை மணி மாநகரப் பேருந்தில் ஏறியிருந்தால் மற்ற மூன்றையும் அடித்திருப்பார்.

2. வகைப்பாடு

அ. மேல்கீழ் ஆட்டல்: பல நாடுகளில் 'ஆம்'. மேலாய்வு தேவையில்லை.

ஆ. பல்கேரிய ஆட்டல்: மேல்கீழாக ஆட்டினால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆம்'. வெளிநாட்டாரைக் கண்டால் சிலர் அவர்களுக்காக மாற்றி ஆட்டுவதுமுண்டு. குழப்பம் அங்கேதான் முழுமை பெறுகிறது.

இ. கிரேக்க நிமிர்ப்பு: தலையைப் பின்னுக்கு வெட்டினால் 'இல்லை'. இத்தாலியில் நேப்பிள்ஸ் வட்டாரத்திலும் அதற்குத் தெற்கேயும் இது வழங்குவதை டெஸ்மண்ட் மாரிஸ் குழுவினர் 1979-இல் எழுதினர். பழைய கிரேக்கக் குடியேற்றத்தின் எச்சம் என்பது அவர்கள் துணிபு. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த மறுப்பு! நம்மூர்ப் பங்காளிச் சண்டை எம்மாத்திரம்?

ஈ. தமிழ்ப் பக்கவாட்டு ஆட்டல்: காது தோளை நோக்கிச் சாய்ந்து மீளும். 'சரி', 'கேட்கிறேன்', 'பார்க்கலாம்', 'ஆளை விடு' ஆகிய நான்குக்கும் அசைவு ஒன்றே. உட்பிரிவுகள்:

ஈ-1. தையற்காரர் ஆட்டல்: "வெள்ளிக்கிழமை கிடைச்சிடும்ல?" என்றதும் நிகழ்வது. எந்த வெள்ளி என்பது ஆட்டலில் அடங்காது (காண்க: பொங்கல் சட்டை, சித்திரைப் பதிப்பு).

ஈ-2. சபா ஆட்டல்: மார்கழியில், முன்வரிசையில் தோன்றும். ராகம் பிடிபடாதபோது வேகம் கூடும் (காண்க: கேன்டீன் வாய்மொழி மரபு, கீரைவடைப் பாடபேதங்களுடன்).

ஈ-3. பந்தி ஆட்டல்: பாயசம் போதுமென்று கை இலையை மறைக்கும், தலை சம்மதிக்கும். பரிமாறுபவர் தலையையே பிரமாணமாகக் கொள்வார் (காண்க: பெரியப்பா, 'பந்தியுரை', இரண்டாம் பந்தி, மூன்றாம் இலை, ரசத்துக்குப் பின் மோருக்கு முன், அவரது சர்க்கரை அளவை முன்வைத்துப் பெரியம்மா எழுப்பிய மறுப்புரை அச்சேறத் தக்கதன்று).

ஈ-4. புறத்தேர்வாளர் ஆட்டல்: முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், கண்மூடி, நிதானமாக நிகழ்வது. ஆய்வேட்டைப் படித்தவர் கேள்வி கேட்பார், படிக்காதவர் ஆட்டுவார். அடுத்த அறையில் பிரியாணிப் பொட்டலம் பிரிபடும் ஓசை கேட்டதும் ஆட்டல் உச்சம் பெற்று, பட்டம் பரிந்துரைக்கப்படும்.

3. பரிந்துரை

இத்துறைக்குத் தனி இருக்கை வேண்டும். நிதி கோரும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட அதிகாரி உடனே தலையாட்டினார். வகை: ஈ-1.