சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கேட்கணும்

"நாடகத்துக்கு ஆள் எடுக்கிறாங்களாம்" என்று கேன்டீனில் பேச்சு கிளம்பினால், சாயங்காலம் தமிழ்த்துறை வாசலில் இரண்டு கட்சி நிற்கும். ஒன்று பராசக்தி கட்சி, இன்னொன்று கட்டபொம்மன் கட்சி. 1980களின் தொடக்கம், மதுரைப் பக்கம் ஒரு ஆண்கள் கல்லூரி. 1952-இல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சியை, அந்த வருஷம் பிறந்தே இராத பயல்கள் மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடம் பண்ணி வைத்திருந்தோம். படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், இவை போதும். கருணாநிதியின் வசனமும் சிவாஜியின் குரலும் காது வழியாகவே உடம்பில் ஏறியிருந்தன. கண்ணால் பார்க்காததால், கையை எந்தச் சொல்லுக்குத் தூக்குவது என்பதில் மட்டும் ஆளுக்கொரு கொள்கை.

பேராசிரியர் அறைக்குள் இருப்பார். நாங்கள் வராந்தாவின் கடைசியில் நின்று பேச வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பவன் திரும்பிப் பார்த்தால் ராஜபார்ட். பேராசிரியருக்கு மட்டும் கேட்டால் மந்திரி. அவருக்கும் கேட்காவிட்டால் ஈட்டி பிடிக்கும் சேவகன். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடகம் திறந்தவெளியில், மேலே தொங்கும் இரண்டு மைக்கில் ஒன்று, விழாத் தலைவர் பேசும்போதே கதறி ஓய்ந்திருக்கும்.

ஸ்திரீபார்ட்டுக்குத் தேர்வே கிடையாது. மீசை சரியாக அரும்பாதவனை விடுதியிலிருந்து இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் குரல் மாறி மகரக்கட்டு உடைந்தால் பையன் பிழைப்பே ஆட்டம் காணும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, எல்லாருக்கும் எப்போதோ உடைந்திருந்தது. சத்தியவான் சாவித்திரி போட்ட வருஷம், புடவை கட்டிய சாவித்திரி வாயைத் திறந்ததும் எமனே ஓரடி பின்வாங்கினான்.

நோட்டீஸில் போடாத தகுதி ஒன்றும் உண்டு. வீட்டிலிருந்து பட்டு வேட்டியும் ஜரிகைத் துண்டும் கொண்டுவர முடிந்தவனுக்கு வேஷம் நிச்சயம். டிரஸ் கடை வாடகை மிச்சமாகுமே.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது நவீன நாடகம். 1977-இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பட்டறை, அடுத்த வருஷம் மதுரையில் மு. ராமசாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கம் என்று வீசிய காற்று, ஜிப்பாவும் தாடியுமாக ஒரு இளம் விரிவுரையாளர் உருவில் எங்களிடமும் வந்து சேர்ந்தது. அவர் வசனமே கேட்கவில்லை. "மரமா நில்லுங்க" என்றார். கட்டபொம்மன்கள் நின்றார்கள், ஜாக்சன் துரையை முறைக்கும் மரங்கள். என்.எஸ்.எஸ். படிவம் வாங்க வந்து, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் சுவரோரம் சாய்ந்திருந்தவனைத்தான் அவருக்குப் பிடித்தது. "இவர்கிட்ட பாவனையே இல்ல, பாருங்க." அந்த வருஷம் கதாநாயகன் அவன். எனக்குத் திரை இழுக்கும் வேலை.

இப்போது என்னையே தேர்வுக் குழுவில் உட்கார வைக்கிறார்கள். பல்கலைக்கழக இளைஞர் விழாவுக்கு ஒரு ஓரங்க நாடகம். முதல் சுற்று கூகுள் படிவத்தோடும் ஒரு நிமிஷ செல்ஃப் டேப்போடும் முடிந்துவிடுகிறது. 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்கு, 'எனக்குப் பொய் சொல்ல வராது' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள், நடிக்க விண்ணப்பித்தவள்.

நேரில் வருகிறவர்கள் யாரும் கத்துவதில்லை. குறும்படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். புருவத்தில் ஒரு அசைவு, ஒரு பெருமூச்சு, பாதி வாக்கியம். முதல் வரிசையில் இருந்த எனக்கே முக்கால்வாசி விழவில்லை. "கொஞ்சம் சத்தமாப் பேசுப்பா" என்றேன்.

"காலர் மைக் இருக்கும் சார்" என்றான் பையன். என் வயதை உத்தேசித்து, இதை மட்டும் நல்ல சத்தமாகச் சொன்னான்.

பக்கத்தில் இருந்த இளம் இயக்குநர் "அண்டர்ப்ளே பண்றான் சார், செம" என்று என் காதில் கிசுகிசுத்தார். அவரும் அண்டர்ப்ளேதான். ஆனால் அரசன் வேஷத்துக்கு நின்றவர்களில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு பெண். எங்கள் சாவித்திரியை நினைத்துக்கொண்டு முழு மார்க் போட்டேன்.

அன்று தேர்வாகாதவனுக்குக் காரணம் சொல்லும் வழக்கமில்லை. கையில் திரைக்கயிற்றைக் கொடுப்பார்கள். இன்று ஃபீட்பேக் கேட்கிறார்கள். அந்தக் காலர் மைக் பையனுக்கு நான்தான் எழுதினேன்: குரலுக்கு உழைக்க வேண்டும், சொல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இரண்டு பத்தி. கைகூப்பிய எமோஜி வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் அவனே கதை எழுதி, அவனே நாயகனாகி, செல்ஃபோனில் எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டான். கல்லூரியிலோ திரை இழுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவனுடைய அடுத்த படத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருகிறாராம். வாட்ஸ்அப்பில் செய்தி: "சார், உங்களுக்கு செட் ஆகும்னு தோணுது. ஒரு செல்ஃப் டேப் அனுப்புங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். வாய்ஸ் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்."