கண் தப்பியது, மூச்சு?

1980களின் கடைசியில் திருக்கோகர்ணத்தில், அருங்காட்சியகத்துக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில்தான் வெல்டிங் தொழில் கற்றேன். ஜி.ஐ. பைப்பில் கேட் அடிக்கும் நாளில் வெள்ளைப் புகை எழும்பி, பஞ்சாய்ப் பறந்து தலைமுடியில் உட்காரும். ராத்திரி வாயில் ஒரு உலோகத் தித்திப்பு. பிறகு பல் கிட்டும் குளிர், காய்ச்சல். ஓரிரு நாளில் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்கு வந்துவிடுவோம்.

"புகை ஏறிடுச்சுடா தம்பி, பாலைக் குடிச்சிட்டுப் படு" என்று மேஸ்திரி காசு கொடுப்பார். அது அன்புதான். ஆனால் பால் போனது வயிற்றுக்கு. புகை போனது நுரையீரலுக்கு.

பைப்பின் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஆர்க்கின் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த ஆவி காற்றில் ஆக்சைடுத் தூளாகி மூச்சோடு உள்ளே போவதால் வரும் காய்ச்சல் அது. தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு பழகி, காய்ச்சல் குறையும். ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் வந்தால் மறுபடி தூக்கிப் போடும். பழகிவிட்டது என்பதையே நாங்கள் கெட்டிக்காரத்தனமாக எண்ணியிருந்தோம்.

இன்று இதே ஊர்ப் பட்டறைகளில் ஒற்றைக் கையால் தூக்கும் இன்வெர்ட்டர் மிஷின். ராடு உரசியதும் தானே கறுக்கும் ஹெல்மெட். ஆர்க் வெளிச்சம் கண்ணில் அடித்து விடிய விடியத் துடித்த காலம் போயிற்று. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. மூக்குக்கு மட்டும் அன்றைக்கு இருந்த அதே துண்டு. ஒரு மைக்ரானுக்கும் சிறிய தூளைத் துணி தடுக்காது. கண் அன்று ராத்திரியே வலித்தது, அதனால் காப்பாற்றினோம். நுரையீரல் சத்தமில்லாமல் கெடுகிறது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முடிவு செய்தது.

நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றச் சொன்னது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் பொருந்த, மின்சாரம் உள்ள இடமென்றால் 10 பேராவது வேலை பார்க்க வேண்டும். 2020இன் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. இரண்டு பேர் பட்டறை அன்றும் வெளியே, இன்றும் வெளியே.

ஆகவே பையன்களிடம் நானே சொல்கிறேன். பற்றவைக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடு. தேய்க்கும்போதும் மாஸ்க் வேண்டும். புகைக்கு நேர்மேலே குனியாதே, பக்கவாட்டில் உட்கார். ஹெல்மெட்டுக்குள் முகத்தோடு ஒட்டுகிற என்95 போடு. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வேலை என்றால், காற்றோட்டமும் வெளியே ஓர் ஆளும் இல்லாமல் இறங்காதே. முதலாளி அவசரப்படுத்தினாலும் இறங்காதே.